கல்மரக் கப்பலின் குரங்கு

என் கொள்ளுப்பேத்தி இன்று காலையில் ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். அட்டையில் ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மூடிய கடல் கொள்ளைக்காரன், தோளில் பச்சைக்கிளி. பிரித்ததும் புதுக் காகிதமும் பசையும் கலந்த அந்த வாசனை வந்தது. வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

உன் அப்பா ரங்கூனிலிருந்து அனுப்பிய புத்தகத்திலும் இதே வாசனைதான். முழுக்க இங்கிலீஷ் எழுத்து. நான் இரண்டாவதோடு நின்றவள்; நீ நாலாவது. இரண்டு பேருக்கும் அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் நீ விரலை வைத்து வாசிப்பாய். ஒரு நாள் கிளி வழி சொல்லும். மறுநாள் பெரிய மீன் கப்பலை முதுகில் சுமக்கும்.

“நேத்து குரங்குதானடி புதையல் பெட்டியத் தூக்குச்சு?”

“அது நேத்து. இன்னைக்கு இப்படித்தான் எழுதியிருக்கு. வாய மூடிக்கிட்டுக் கேளு.”

கடலை நாம் பார்த்ததில்லை. நம் சாத்தனூர் ஓடையில், கல்லாகிப் படுத்திருக்கும் அந்தப் பெரிய மரம்தான் நமக்குக் கப்பல். கொல்லையில் பொறுக்கிய சிப்பிக் கற்கள் புதையல். உன் அப்பா விட்டுப்போன ஓட்டைக் குடையில் கிழித்த கறுப்புத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு நீ மரத்தின் தலைமாட்டில் நிற்பாய். எனக்கு எப்போதும் குரங்கு வேஷம்.

“ஒரு நாளாச்சும் நான் தலைவனா இருக்கேன்டி.”

“எங்கப்பாரு ரங்கூன்ல இருக்காரு. போயிக் கூட்டியாரணும். கப்பல நாந்தான் ஓட்டுவேன். நீ பாய்மரத்துல தொங்கு, போ.”

நீ பாய்மரம் என்று காட்டியது ஒரு கருவேல மரம். முள் குத்தக் குத்தத் தொங்கினேன். அந்த ஆத்திரத்தை நான் மறக்கவில்லை.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. உன் அப்பாவிடமிருந்து கடிதம் நின்றது. அங்கே பிழைக்கப் போனவர்கள் காடு மலை என்று நடந்தே திரும்பினார்கள். அப்படி வந்த ஒருவர் உங்கள் வாசலில் நின்று, வழியிலேயே உன் அப்பா போய்விட்டதைச் சொன்னார். அன்றைக்கே உன் அத்தை புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் செருகினாள்.

“இந்தக் கொள்ளக்காரன் மூஞ்சி வந்து நுழைஞ்சுதுல்ல, அப்பவே வூட்டுக்குப் பீடை புடிச்சுது” என்றாள்.

பல வருஷம் கழித்து உன் அத்தை செத்தபோது ஊரே போனது. நான் போகவில்லை.

உன் அப்பாவுக்குக் காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு சாயங்காலம் ஓடைக்கு வந்தாய். நான் கேட்காமலே கறுப்புத் துணியை என் கையில் கொடுத்தாய்.

“இனிமே நீயே ஓட்டிக்க.”

எத்தனை நாள் ஆசை. கட்டிக்கொண்டு தலைமாட்டில் ஏறி நின்றேன். எதிரே மணல், அதற்கப்பால் வரகுக் கொல்லை. எங்கே போவதென்று தெரியவில்லை.

“எங்கடி போகட்டும்?” என்றேன்.

நீ மணலில் உட்கார்ந்திருந்தாய். எனக்கு அந்த மரம் அன்றைக்குத்தான் கல்லானது.

நீ செட்டிகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். பங்குனியில் அந்த ஊர் முருகன் கோயிலுக்கு நான் வரும்போதெல்லாம் துணியை முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன், உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட. நீ மாட்டைப் பற்றிப் பேசுவாய், மருமகளைப் பற்றிப் பேசுவாய். கப்பல் பேச்சை எடுக்கவே மாட்டாய். முடிச்சை அவிழ்க்காமலே ஊர் திரும்புவேன். போன வருஷம் நீயும் போய்ச் சேர்ந்தாய். துணி அதற்கு முன்பே நூல் நூலாக இற்றுவிட்டது.

“அப்பத்தா, நீதான் கேப்டன். நான் கிளி” என்று கொள்ளுப்பேத்தி இன்று என் கண்ணில் கைக்குட்டையைக் கட்ட வந்தாள்.

“வேணாம் சாமி. கேப்டன் வேற ஒருத்தி. நான் குரங்கு.”

“அவங்க எங்க?”

“அப்பாரைக் கூட்டியாரப் போயிருக்கா.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குவதுபோல் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கையை எடுத்துப் பார்த்தேன். கருவேல முள் ஒடிந்து தங்கிய இடம் உள்ளங்கையில் இன்னும் கறுத்துத் தெரிகிறது. முள்ளுக்காக வந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அந்தத் துணியை நீ என்னிடம் கொடுத்தாயே, அந்தக் கோபம்தான் போகவில்லை.