ஒரே பச்சையில் மூன்று சேலைகள்

கீழக்கரை,
பெருநாளுக்கு மறுநாள்

பிரியமுள்ள மச்சானுக்கு, ஸலாம்.

கொழும்பிலிருந்து நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. போன பெருநாளைக்கு நிறத்தால் வந்த சண்டையை நினைத்து, உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் எனக்கும் ஒரே பச்சை ஜார்ஜெட்டாக எடுத்துவிட்டீர்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

வழக்கப்படி உங்கள் உம்மாதான் பிரித்தார்கள். முதல் சேலையைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது வெளியே வந்ததும், "பெத்தவளுக்கும் வந்தவளுக்கும் ஒரே சேலையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உங்கள் தங்கச்சியோ, "கடையில கழிச்சுப் போட்டத என் கூடப்பொறந்த காக்கா மொத்தமா அள்ளிருக்கு" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. அதற்கும், "இவதான் எழுதிக் கேட்டிருப்பா" என்றார்கள். நான் என்ன செய்யட்டும்?

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல், பெருநாளன்று மூவரும் அதையேதான் உடுத்தினோம். கூடத்தில் நாங்கள் சேர்ந்து நின்றபோது உங்கள் மகள் கேட்டாள்: "இதுல வாப்பாவுக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?"

மூவரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டோம். பிறகு இனிப்புக்கு வைத்த வட்டலப்பத்தை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றோம்.

எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதிலையாவது மூன்று பேருக்கும் ஒரே மாதிரி எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பச்சைச் சேலைக்காரிகளில் ஒருத்தி