தீயில்லாமல் பொங்கிய பால்

1986 மார்ச் 9, ஞாயிறு

மகள் ரோசா கோலாலம்பூரிலிருந்து ஒரு மைக்ரோவேவ் அடுப்பைக் கொண்டுவந்து ரிங்லெட் ஊரில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் வைத்துவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கவே பயம். போன வருடம் என் வீட்டுக்காரருக்கு இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சுக்குள் ஒரு மெஷின் வைத்தார்கள். அதை வைத்தவர்கள் இந்த அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் அப்போதே சொன்னார்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேம்மா. அப்பாவோட மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது லா," என்றாள் ரோசா.

என் மனம் கேட்கவில்லை. அவரை வெளியே உட்காரச் சொன்னேன். இந்த மலையில் காலமெல்லாம் தேயிலை லோரி ஓட்டியவர், எதற்குப் பயப்படப்போகிறார்? அடுப்பின் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"பயமா இருந்தா கையப் புடிச்சிக்க, மேரி."

மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தொட்டுக்கொண்டேன். ரோசா பொத்தானை அழுத்தினாள். உள்ளே விளக்கு எரிந்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை. கண்ணாடி டம்ளரில் இருந்த பால் தானாகவே நுரைத்து எழும்பியது. என் விரலுக்கடியில் நாடி ஒரே சீராக அடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாலைப் பொங்க வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று இந்த மனுஷனை நடமாட வைக்கிறது. ஆண்டவரே என்றேன்.

அடுப்பு மணியடித்து நின்றது.

"விடு மேரி, பால எடுக்கணும்," என்று சிரித்தார்.

கையை விட மனமே வரவில்லை.