மஞ்சளில் புரட்டிய வேர்

அன்பு மகள் ஜீனத்துக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். தந்தியைப் பார்த்துப் பதறியிருப்பாய், இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை, அல்லாஹ் கிருபையில் எல்லோரும் சுகம். நீயும் கோவாவின் கடல் காற்றில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். தம்பி அக்பர் அலிக்குக் காய்ச்சல் விட்டு, நேற்றிலிருந்து சோறு கேட்கிறான்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கடல் பஞ்சில் மருந்து தேடுகிற நீ நாங்கள் அனுப்பிய கல்வராயன் மலை வேரையும் ஊறவைத்துப் பார்த்ததாகவும், அதில் மஞ்சளாக இறங்கிய சத்து கண்ணாடித் தட்டிலிருந்த புற்றுநோய் அணுக்களைக் கொன்றுவிட்டதாகவும், அடுத்த வாரம் பம்பாய்க் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசப் போவதாகவும் எழுதியிருந்தாய். அத்தா அதைக் கடைவீதி முழுக்கப் படித்துக் காட்டிவிட்டார். நானும் பூரித்துத்தான் போனேன், ஆனால் மறுநாள் மீனுக்கு மசாலா தடவும்போது மஞ்சள் ஏறிய என் விரலைப் பார்த்து எனக்குச் சுரீர் என்றது. அந்த வேரை உடைத்தால் உள்ளே வெள்ளை, ஜீனத். உன் அத்தா நாட்டு மருந்துக் கடைப் பழக்கத்தில் வண்டு விழாமல் இருக்க அதை மஞ்சள்தூளில் புரட்டித்தான் பார்சல் கட்டினார்.

கேட்டால், வண்டு வுழுந்த வேரையா என் பொண்ணுக்கு அனுப்புவேன், இன்னா பேசறே நீ என்று என்மேல் பாய்கிறார். நீ கொண்டாடுவது வேரையா மஞ்சளையா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் இப்போது தெரியாது. நாலு பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்துவிடக் கூடாது, அதனால்தான் பேசாதே என்று தந்தி கொடுத்தோம். வாய்ச்சண்டை போட்ட மனிதர் காலையில் டீகூடக் குடிக்காமல் வலிக்கிற அந்த முழங்காலோடு வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டார். மலைச்சரக்கு கொண்டுவரும் முனியனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புது வேர் தோண்டி வந்து, கால் வலியில் படுத்திருக்கிறார். அதில் ஒண்ணுமே இல்லன்னா கூட எழுதச் சொல்லு, நான் தாங்கிக்குவேன் என்கிறார். நீ கூட்டத்தாரிடம் தவணை கேள், கேட்பதில் குறைச்சல் இல்லை.

அல்லாஹ் உனக்கு நல்ல அறிவையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். தலைக்கு எண்ணெய் வை, பட்டினியாக வேலைக்குப் போகாதே. வேர் தனிப் பார்சலில் வருகிறது, மண்ணைக்கூடத் தட்டவில்லை. கட்டியது தம்பிதான். நான் தொடவில்லை, சமைக்கிற கை.

வஸ்ஸலாம்,
உன் அம்மா ஷர்புன்னிசா,
கள்ளக்குறிச்சி.