முதல் பத்தியில் அக்கா

செப்டம்பர் 10, புதன்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஓட்டெடுப்பு. கருவாடு காயப்போடும் கரையில் மீன் ஏலக்கூடம் கட்டலாமா, வேண்டாமா? தலைக்கட்டுக்கு ஒரு ஓட்டு. தலைக்கட்டு என்றால் ஆண். புருஷன் செத்துவிட்டால் அந்த வீடே கணக்கில் கிடையாது. மச்சான் இறந்தபின் மீன் ஏலம் எடுத்துக் கருவாடு போட்டுப் பிழைக்கும் செல்வராணி அக்கா போனில், "ஏலே பெனிஸ்டன், எங்களுக்கு ஓட்டு இல்லங்கத பேப்பர்ல எழுதுலே" என்றாள். எழுதிவிட்டேன். ஊர்க் கமிட்டித் தலைவர் சொன்னது மேலே, அக்கா சொன்னது கடைசிப் பத்தியில். சொந்த அக்காவை முன்னால் நிறுத்தினால் ஆபீஸில் பேசுவார்களே.

செப்டம்பர் 11, வியாழன்

கடைசி நேரத்தில் நகைக்கடை விளம்பரம் வந்து, செய்தியின் வாலை நறுக்கிவிட்டார்கள். போனது அக்கா. கடைசிப் பத்திதான் முதலில் வெட்டுப்படும் என்று எனக்குத் தெரியாதா? நிருபராம் நிருபர்!

செப்டம்பர் 12, வெள்ளி

செய்தி ஆசிரியர் பால்துரை அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். "நாளைக்குப் போடுதேன். ஆனா மொத பத்தியில ஆளு நிக்கணும்டே" என்றார். மூன்று முறை மாற்றி எழுதினேன். கடைசியில் இப்படி நின்றது: 'ஏலக்கூடம் வேண்டாம் என்கிறார் செல்வராணி, சொல்ல அவருக்கு ஓட்டு இல்லை.'

பெயரைப் போடலாமா? ஊர் சும்மா விடுமா? போன் செய்தேன்.

"பேரு இல்லன்னா எவன் நம்புவான்? போடு. மீன் ஏலம் நடக்கு" என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 13, சனி

முழுசாக வந்துவிட்டது. தலைவர் போனில் கத்தினார். சாயங்காலம் கமிட்டி கூடுகிறதாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கமிட்டி இறங்கி வந்தது; புருஷன் இல்லாத வீடுகளுக்கும் ஓட்டு. கோயில் மைக்கில் "செல்வராணி" என்று கூப்பிட்டார்கள். மச்சான் பெயர் இல்லை, அவள் பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஏலக்கூடம் ஜெயித்துவிட்டது. ஆறுதல் சொல்ல ஓடினேன்.

"எதுக்குலே மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? நானும் கூடத்துக்குத்தான் போட்டேன். கருவாடு மாடியிலயும் காயும். மழையில ஏலம் எடுக்கக் கூரை வேண்டாமா?"

"அப்போ வேண்டாம்னு நீ—"

"நான் எப்பலே சொன்னேன்? நீயா எழுதுன. மொதல்ல ஓட்டு கெடைக்கட்டும், பெறவு சொல்லிக்கிடலாம்னு விட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டே டீ கொடுத்தாள்.

நாளை அண்ணாச்சியிடம் திருத்தம் கேட்க வேண்டும். அதை உள்பக்கத்தில் ஒரு மூலையில்தான் போடுவார்கள்.