இரண்டுக்கும் இடம்

மச்சான்,

நேற்று மத்தியானம் உன் போன் மணி அடித்திருக்கிறது. நீ நிலையத்துச் சேர்வருக்கென்றே வைத்திருந்த சைக்கிள் மணிச் சத்தம். நீ கண்ணை மூடிய பிறகும் உன் மனிசி அந்தப் போனைச் சார்ஜில் போட்டபடிதான் வைத்திருக்கிறா. சோற்றுக் கையோடு தன் போனில் என்னைக் கூப்பிட்டா.

"அண்ணா, இவரின்ர சேர்வர் மெசேஜ் அனுப்பியிருக்கு. டிஸ்க் நிரம்புதாம். ஓடிப்போய்ப் பாருங்கோ."

பின்னால் அந்த மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் கணினி நிலையத்து மூலையில் அப்படி ஒரு மிரர் சேர்வர் ஓடுவது துறைமுகத்தடியில் யாருக்குத் தெரியும்? வெளிநாட்டில் கிடக்கிற இலவச மென்பொருட்களின் பிரதியை இங்கே வைத்திருந்தால், மூதூர், தோப்பூர், சம்பூர்ப் பள்ளிக்கூடங்கள் எங்களிடமிருந்தே கெதியாக இறக்கிக்கொள்ளும். அதற்கு எவ்வளவு டிஸ்க் வேணும் என்று மேலாளர் கேட்டபோது, "இருக்கிறதுக்கு ஒரு பங்கு, வரப்போறதுக்கு ஒரு பங்கு" என்றாய். "வராததுக்கு என்னத்துக்கு இடம்?" என்று அவர் சிரித்தார்.

நீ வெருகல் திருவிழாவுக்குப் போயிருந்த கிழமை, சும்மா கிடக்கிற இடம்தானே என்று பரிசளிப்பு விழா வீடியோக்களை எல்லாம் அதில் கொட்டினார் அந்த மனுசன். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தனான். அடுத்த நாளே அந்த மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. இடம் காணாதென்று பழைய பதிப்பை அழித்தார். அப்படியும் காணவில்லை. பழையது இல்லை, புதியது பாதியில் நின்றது.

சம்பூரிலிருந்து ஒரு ரீச்சர் அழாக்குறையாகப் போன் எடுத்தா. "எங்கட கணினியளில பழசை அழிச்சுப்போட்டம் சேர், உங்களிட்ட இருந்து வாற புதுசு பாதியில நிக்குது. பிள்ளையள் சோதினை எழுத வேணும்."

திரும்பி வந்த நீ வீட்டுக்குக்கூடப் போகவில்லை. உன் லப்டொப்பில் கிடந்த பழைய பிரதியைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தாய். நான் பின்னால் ஏறினேன். கிண்ணியாப் பாலத்தில் உப்புக் காற்று முகத்தில் அடிக்க அடிக்க நீ கத்திக்கொண்டே ஓட்டினாய். "வாறது முழுசா வந்து சேருமட்டும் இருக்கிறதில கை வைக்கக் கூடாது மச்சான்! இரண்டுக்கும் இடம் வேணும். அது ஏலாட்டி மிரர் என்று பேர் வைக்காதே!" உனக்கு அவ்வளவு கோபம் வந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. சம்பூரில் கணினிகள் ஒவ்வொன்றாக எழும்பிய பிறகுதான் ரீச்சர் தந்த தேத்தண்ணியைக் கையில் எடுத்தாய்.

நேற்று ஓடிப்போய்ப் பார்த்தபோதும் புதுப் பதிப்பு ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. கன காலமாக எவரும் எடுக்காதவற்றை வேறு டிஸ்க்குக்கு மாற்றி இடம் விட்டேன். முழுசாக இறங்குமட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"சேர்வரில இருந்து அந்தாளின்ர நம்பரை எடுத்துப்போட்டு உம்மடதைப் போடும். செத்த மனுசனுக்கு என்னத்துக்கு மெசேஜ்?"

அவர் சொன்னது நியாயமானதுதான். ஆனாலும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உன் மனிசியைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. பின்னேரம் உன் வீட்டுக்குப் போய் மேலாளர் சொன்னதைச் சொன்னேன். அவ போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

"நிப்பாட்டிப் போடாதேங்கோ அண்ணா. இப்ப அவரைத் தேடி வாறது இது ஒண்டுதான்."

அவ தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை உன் இலக்கத்துக்குக் கீழே என்னுடையதைச் சேர்த்தேன். உன்னுடையதில் கை வைக்கவில்லை. என் போனிலும் அந்தச் சைக்கிள் மணியையே போட்டேன். சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு செய்தி அனுப்பினேன். சட்டைப்பைக்குள் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் உன் மனிசி எனக்குப் போன் எடுத்தா.

"அண்ணா, இவருக்கு மெசேஜ் வந்திருக்கு."

"ஓம் தங்கச்சி," என்றேன். "எனக்கும் வந்தது."