செத்த புள்ளியும் பீன்ஸ் குழம்பும்

அடில்சன்,

நீ பெட்டியில் போட்டு ஒட்டி வைத்திருந்த கொரியக் கம்ப்யூட்டர் மானிட்டரைப் பிரித்து மறுபடி மேசையில் வைத்துவிட்டேன். அது எல்லைப் பாலம் தாண்டிப் பராகுவே கடைக்குத் திரும்பிப் போகாது. ஒரு மணப்பெண்ணின் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு மதியம் வருகிறேன்.

குக்கரில் பீன்ஸ் குழம்பு இருக்கிறது. சோறு மட்டும் வைத்துக்கொள். சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடு. உன் தம்பி க்ளாடெமிர் மேட்ச் பார்க்க வந்தால் டிவியைப் போடு. இந்தத் திரையில் ஸ்பீக்கரே கிடையாது.

"பேர் தெரியாத கம்பெனி சாமானை இவ தலையில கட்டிட்டாங்க, நடுவுலயே புள்ளி பாரு" என்று மூன்று நாளாக வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டினாயே. கடையின் சோதனை மேசையில் திரையை வெள்ளையாக்கி, கறுப்பாக்கிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். "ஒரு புள்ளி செத்திருக்குக்கா, அதுல மட்டும் வெளிச்சம் வராது, அதான் பாதி விலை" என்று கடைப்பெண்ணே சொன்னாள். தெரிந்தேதான் வாங்கினேன். மணப்பெண்களின் போட்டோவில் பருவையும் புள்ளியையும் எடுத்துத்தான் சம்பாதிக்கிறேன். புள்ளியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே.

இவொனெச்சி

பி.கு.: நீ ஊருக்கெல்லாம் காட்டிய புள்ளியை இன்று காலை ஈரத்துணியால் துடைத்தேன். போய்விட்டது. வாங்கி வந்த அன்றே நீ திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டபோது தெறித்த பீன்ஸ் குழம்பு அது.

இன்னொன்று: செத்த புள்ளி வேறோர் இடத்தில் இருக்கிறது. நான் வருவதற்குள் கண்டுபிடித்தால் நானே பெட்டியில் போட்டு ஒட்டித் தருகிறேன். விரலை வைக்காமல் தேடு.