மஞ்சள் துணிச் சட்டைப்பை

மதுரை, சிம்மக்கல்
16-4-1930

என் அன்பு மனைவி ஜெயினம்புக்கு, சிக்கந்தர் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். தொண்டியில் நீயும் அம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன செவ்வாய்க்கிழமை கடையில் ஜவுளி மூட்டை இறக்கும்போது எனக்கு லேசாகத் தலை சுற்றியது. பயப்படாதே, ஒரு சோடா குடித்ததும் எழுந்துவிட்டேன். என்னோடு மூட்டை தூக்கும் மலையாண்டி அண்ணன்தான் திட்டினார்: "இம்புட்டு வெயில்ல கழுத்து வரைக்கும் பித்தானைப் போட்டா மூச்சு எப்படிப்பா வரும்? தொளதொளன்னு ஒரு சட்டை தைச்சுக்க."

முதலாளி கடையில் கழித்த துண்டுத் துணிகளைக் கொடுத்தார். உடம்புக்கு நீலக் கோடு, கைகளுக்குப் பச்சைக் கட்டம் என்று நானே பொறுக்கினேன். பைக்கு மட்டும், நீ பணியாரம் கட்டி அனுப்பிய உன் பழைய மஞ்சள் சேலைத் துண்டை நீட்டினேன். தையல்காரர், "நைஞ்ச துணி மாப்ள, புதுசு தாரேன்" என்றார். "இதுதான் வேணும்ணே" என்றேன். எத்தனை அலசியும் அதில் எண்ணெய் வாசம் போகவில்லை. போக வேண்டாம்.

முதல் நாள் கடையே சிரித்தது. இப்போது மலையாண்டி அண்ணன் தனக்கும் இதே மாதிரி வேண்டும் என்கிறார். மஞ்சளை மட்டும் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு இதைப் போட்டுக்கொண்டுதான் வருவேன், நீயும் சிரித்துக்கொள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அடுத்த முறை பணியாரம் நாலு குறைந்தாலும் பரவாயில்லை, கட்டுகிற துணி பெரிதாக இருக்கட்டும். ஒரு முழுச் சட்டைக்கு வேண்டும்.

சிக்கந்தர்